மேய்ச்சலுக்குத் துணி போர்த்திய சிற்றம்பலம்

முன்பு ஒரு காலம். மேற்கே மலை, கிழக்கே ஆறு, இரண்டுக்கும் நடுவில் ஒரு நாடு. அதை மாறவல்லபர் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். பசி என்று வந்தவனையும் போர் என்று வந்தவனையும் சும்மா திருப்பி அனுப்பமாட்டார். அவரிடம் இருந்த குறை ஒன்றுதான். மனத்தில் ஏதாவது தோன்றிவிட்டால் பொழுது சாய்வதற்குள் அது உத்தரவாகிவிடும். மழை நாளில் யாரும் தும்மக் கூடாது என்று ஒருமுறை பறையறைந்தார். மறுநாள் தாமே முதலில் தும்மிவிட்டதால் அந்த உத்தரவு ரத்தானது.

அவர் சபையில் சிற்றம்பலம் என்றொரு விகடன் இருந்தான். ஒல்லி உடம்பு, கொக்குக் கழுத்து, எப்போதும் ஏதோ ஒன்றைச் சொல்லத் துடிக்கும் உதடு. அரசரைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். அரசருக்கு அவன்மேல் இருந்த பிரியத்தைப் பார்த்துப் பிரதானி தில்லைராயருக்கு வயிறு எரிந்தது. அரண்மனைச் சாவிகளெல்லாம் தம் இடுப்பில் தொங்கும்போது, அரசர் எதற்கெடுத்தாலும் இந்தக் கோமாளியைக் கூப்பிட்டு யோசனை கேட்கிறாரே என்ற ஆற்றாமை அவருக்கு.

ஒருநாள் கடல் கடந்த தேசத்திலிருந்து ஒரு தூதர் வந்தார். சபை நிறைந்திருந்தது. அரசர் சிம்மாசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, தம் நாட்டின் காவலைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"தூதரே, நம்முடைய அனுமதி இல்லாமல் இந்நாட்டு எல்லைக்குள் காற்றும் நுழையாது என்பதை உமது மன்னரிடம் சொல்லும்."

அந்த நேரம் பார்த்து ஓர் ஈ வந்து அரசரின் மூக்கு நுனியில் உட்கார்ந்தது.

தூதர் எதிரே நிற்கும்போது கையை வீசி விரட்டினால் கம்பீரம் குறையும். அரசர் மூக்கை மட்டும் சுருக்கிப் பார்த்தார். ஈ அசையவில்லை. முன்காலிரண்டையும் தேய்த்துக்கொண்டு, மூக்கின் மேட்டில் நாலடி மேலே நடந்தது. சிற்றம்பலத்தின் உதடு துடித்தது. அடக்க முடியவில்லை.

"காற்றுக்குத்தானே தடை, அரசே. இது நடந்து வந்திருக்கிறது" என்றான்.

தூதர் தலைப்பாகை நழுவுமளவுக்குச் சிரித்தார். அவரோடு வந்தவர்களும் சிரித்தார்கள். அரசர் முகம் செம்பருத்தியாகச் சிவந்தது.

தூதர் விடைபெற்றுப் போனதும் அரசர் கேட்ட முதல் கேள்வி, இந்த ஈக்கள் எங்கே பிறக்கின்றன என்பதுதான். தில்லைராயர் அதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். ஆற்றங்கரையில் அரசருடைய மேய்ச்சல் இருக்கிறது, அங்கே நூறு பசுக்கள் மேய்கின்றன, அவை போடும் சாணத்தில்தான் ஈக்கள் பிறக்கின்றன என்றார். ஆட்டிடையரும் மாட்டிடையருமாக இருபது குடும்பங்கள் அங்கே இருந்தும் ஈயைத் தடுக்க வக்கில்லை, அவர்களை வெளியேற்றிவிட்டு நிலத்தை வேறு நல்ல காரியத்துக்குக் கொடுக்கலாம் என்றும் சொன்னார். அந்த நல்ல காரியம் அவருடைய மைத்துனனின் குதிரைப் பண்ணை என்பதை மட்டும் சொல்லவில்லை.

அரசருக்கு இடையர்களை வெளியேற்ற மனம் வரவில்லை. சாணத்தை அள்ளிக் கொட்டிவிடச் சொல்லவும் மனம் வரவில்லை. பசுவின் சாணத்தில் திருமகள் குடியிருக்கிறாள் என்று நம்பியவர் அவர். யோசித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு உத்தரவிட்டார்.

"சாணம் விழுந்த இடத்திலேயே இருக்கட்டும். அதை யாரும் அகற்றக் கூடாது. ஆனால் இன்று முதல் நம் மேய்ச்சலில் விழும் சாணம் எதன்மீதும் ஓர் ஈயும் உட்காரக் கூடாது. ஒரு மண்டல காலம் பார்ப்போம்."

"உத்தமமான உத்தரவு" என்றார் தில்லைராயர். "ஈ அனுமதி இல்லாமல் வந்ததைக் கண்டு கேலி செய்தவரே ஈக்களுக்கு இந்த உத்தரவைப் புரிய வைக்கட்டும். நாற்பத்தெட்டு நாளில் ஒரே ஓர் ஈ உட்கார்ந்தாலும் சிற்றம்பலம் நாட்டை விட்டுப் போகவேண்டும். இடையர்கள் மேய்ச்சலை விட்டுப் போகவேண்டும்."

கோபம் தணியாத அரசர், அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சிற்றம்பலத்துக்குத் தன்னைப் பற்றிக் கவலை இல்லை. ஒட்டிய வயிறும் ஓயாத வாயும் இருந்தால் எந்த நாட்டிலும் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் தான் சொன்ன ஒரு வரிக் கேலிக்காக, முகம்கூடத் தெரியாத இருபது குடும்பங்கள் வீட்டை விட்டுப் போவதா? அந்த நினைப்பு அவனை உறுத்தியது. நேரே ஆற்றங்கரைக்கு நடந்தான்.

அங்கே மேய்ச்சலுக்குப் பொறுப்பாக இருந்தவள் மாயக்காள். நாற்பது வயதுக்காரி. நூறு மாட்டையும் குரலால் மட்டுமே திருப்பக்கூடியவள். உத்தரவு அவனுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. தன்னைத் திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவள் திட்டவில்லை. ஒரு கருப்புப் பசு அப்போதுதான் போட்டுவிட்டு நகர்ந்த சாணியைக் காட்டி, அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"ஈயைத் தடுக்க வந்திருக்கீங்க. மொதல்ல ஈயைப் பாருங்கண்ணே. ஒரு வெத்தலை மெல்லுற நேரம் பேசாம உக்காருங்க, போதும்."

பேசாமல் உட்காருவதுதான் சிற்றம்பலத்துக்கு உலகத்திலேயே கடினமான வேலை. இருந்தாலும் உட்கார்ந்தான்.

வெற்றிலையை மடிப்பதற்குள் முதல் ஈ வந்துவிட்டது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. ஈ என்றால் ஒரே ஈதான் என்று அதுவரை நினைத்திருந்தவன் அவன். இங்கே விதவிதமாக இருந்தன. உடம்பெல்லாம் பொன்னிற மயிர் அடர்ந்த ஈக்கள் சாணியின் ஓரத்தில் காவல்காரர்கள்போல நின்றன. அவை ஆண்கள், பெண் ஈக்கள் வருவதற்காகக் காத்திருக்கின்றன என்றாள் மாயக்காள். காத்திருந்த நேரத்தில் ஒன்று பாய்ந்து, பக்கத்தில் வந்த சின்ன ஈயைப் பிடித்து உறிஞ்சத் தொடங்கியது. எறும்பைப்போல இடை சிறுத்த கருப்பு ஈக்கள் சில இருந்தன. அவற்றின் சிறகு நுனியில் மை வைத்ததுபோல ஒரு புள்ளி. சிறகுகளை விசிறிபோல ஆட்டிக்கொண்டே, சாமி புறப்பாட்டில் சாமரம் வீசுகிறவர்களைப்போல அவை சாணிமேல் உலாவின.

அந்த எறும்பு ஈ ஒன்று வாலைத் தாழ்த்தி முட்டையிட்டதை மாயக்காள் காட்டினாள். முட்டை சாணிக்குள் புதைந்துவிட்டது. நூலைப்போன்ற ஒரு நுனி மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நின்றது. முட்டை மூச்சு விடுவதற்கு அதுதான் வழி என்றாள். வெயில் பட்டு மேலே ஏடு கட்டிவிட்டால் உள்ளே முட்டை வைக்க முடியாது. அதனால்தான் இத்தனை அவசரம்.

பிறகு எழுந்து, எட்டு நாளான ஒரு சாணியைக் கம்பால் புரட்டிக் காட்டினாள். உள்ளே ஆப்பம்போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. வெள்ளைப் புழுக்கள் நெளிந்து நெளிந்து வழி போட்டுக்கொண்டிருந்தன. சாணிவண்டுகள் உருண்டைகளை மண்ணுக்குள் இறக்கிக்கொண்டிருந்தன. மண்ணைக் கொஞ்சம் கிளறியபோது சீரகம்போலப் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கூடுகள் கிடந்தன. புழு அதற்குள் புகுந்து ஈயாக வெளியே வருமாம். கம்பு நகர்ந்த உடனே ஒரு கொண்டலாத்தி வந்து இறங்கி, நீண்ட அலகால் இரண்டு புழுக்களைக் கொத்திக்கொண்டு பறந்தது.

"போன மாசம் விழுந்த சாணி எங்கே, தங்கச்சி?" என்று கேட்டான் சிற்றம்பலம்.

"அதுமேலதான் நிக்கிறீங்க."

குனிந்து பார்த்தான். காலடியில் சாணியே இல்லை. மற்ற இடத்தைவிட ஒரு பிடி உயரமாக, கரும்பச்சையாகப் புல் நின்றது.

இந்த ஈக்கள்தானே அரண்மனைக்கு வருகின்றன என்று கேட்டதற்கு அவள் சிரித்துவிட்டாள். இவற்றுக்குச் சோறும் வேண்டாம், மூக்கும் வேண்டாம், சாணியை விட்டுப் போக மனமே வராது என்றாள்.

"சோத்துல உக்கார்ற ஈ வேற இனம்ணே. எது அழுகிக் கெடந்தாலும் அது பொறக்கும். இங்கயும் எப்பவாச்சும் வந்து முட்டை வச்சுப் பாக்கும். ஆனா எடம் கெடைக்காது. இந்தப் பொன்னீ வேற புடிச்சுத் தின்னுரும். அரமணை ஈ எங்க பொறக்குதுன்னு தெரியணும்னா மடப்பள்ளிக்குப் பின்னால போய்ப் பாருங்க. நெய்க்குடம் எறக்கப் போறப்ப மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் போறேன்."

சிற்றம்பலம் போய்ப் பார்த்தான். மடப்பள்ளிக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் பழத்தோலும் காய்கறிக் கழிவும் பழைய சோறும் மலைபோலக் கிடந்து அழுகின. ஈக்கள் மேகம்போல எழும்பின. கழிவை அள்ளிச் செல்லும் வண்டிகள் நான்கையும் பிரதானி தம் புது மாளிகைக்குக் கல் சுமக்க எடுத்துக்கொண்டு மூன்று மாதமாகிறது என்று சமையல்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

இதை உடனே அரசரிடம் சொல்லலாம். ஆனால் அவரைச் சிற்றம்பலத்துக்குத் தெரியும். பறையறைந்த உத்தரவு தவறு என்று யாராவது சொன்னால் இன்னும் இறுக்கிப் பிடிப்பார். கண்ணால் பார்த்தால்தான் இறங்கிவருவார். மறுநாள் சபைக்குப் போய் மிகப் பணிவாகக் கைகூப்பி நின்றான்.

"அரசே, தங்கள் உத்தரவை ஓர் எழுத்துக்கூட மாறாமல் நிறைவேற்றப்போகிறேன். ஈ உட்காராமல் இருக்க ஒவ்வொரு சாணத்தையும் விழுந்த கணமே மூட வேண்டும். அதற்கு ஆளும் துணியும் தேவை."

வேண்டியதைப் பிரதானி கொடுப்பார் என்றார் அரசர். இந்தப் பைத்தியக்காரத்தனம் இரண்டு நாள்கூடத் தாங்காது என்று எண்ணிய தில்லைராயர், நூறு காவல் வீரர்களையும் கிடங்கிலிருந்த மல்துணியையும் மகிழ்ச்சியோடு கொடுத்தார். சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க, ஈயைக் கண்காணிக்கத் தம் ஆட்கள் நால்வரையும் அனுப்பினார்.

மறுநாள் காலையில் ஆற்றங்கரை ஒரு கூத்துக்களமானது. பசுவுக்கு ஒரு வீரன். வேல் பிடித்த கையில் சதுரத் துணி. பசு நடந்தால் அவனும் நடப்பான், நின்றால் நிற்பான். வால் தூக்கினால் உடனே துணியை விரித்துக்கொண்டு குந்துவான். சில பசுக்கள் வெட்கப்பட்டு ஓடின. சில வீரர்கள் அவசரத்தில் முந்திக் குந்தி, சாணத்தைத் தங்கள் தலையில் ஏந்தினார்கள். செவலைப் பசு ஒன்றுக்கு இந்த விளையாட்டு பிடித்துவிட்டது. வாலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுச் சும்மா நடக்கும். அதன் வீரன் ஒரு நாளில் நாற்பது தடவை குந்தி எழுந்து, மாலையில் நிமிர முடியாமல் இரண்டு பேர் தோளில் வீடு போய்ச் சேர்ந்தான். அந்தப் பசுவுக்கு இனி ஆள் மாற்றித் தரவேண்டும் என்று வீரர்கள் தலைவனிடம் முறையிட்டார்கள்.

நாளொன்றுக்கு ஐந்நூறு சாணி விழுந்தது. நான்கைந்து நாளில் காய்ந்துவிடும் சாணியிலிருந்து துணியை எடுத்துப் புதியதுக்குப் போடலாமே என்று காவலர்கள் கேட்டார்கள். உத்தரவில் ஈரச் சாணம், காய்ந்த சாணம் என்று பிரித்துச் சொல்லவில்லை, காய்ந்தாலும் அது சாணம்தான் என்று சிற்றம்பலம் மறுத்துவிட்டான். மல்துணி பத்து நாளில் தீர்ந்தது. பிறகு அரண்மனைத் திரைச்சீலைகள் வந்தன. பிறகு தேர்த்துணி, கொடித்துணி, படுதா. கடைசியில் பிரதானியின் பட்டுச் சால்வைகளும் வந்தன. அரசர் வேண்டியதைக் கொடுக்கச் சொல்லியிருந்தார், தில்லைராயரால் மறுக்க முடியவில்லை. தம்முடைய ஜரிகைச் சால்வை ஒரு மயிலைப் பசுவின் சாணிமேல் விரிந்து கிடந்ததைப் பார்த்த அன்று அவர் சாப்பிடவே இல்லை.

நாட்கள் போயின. ஓர் ஈயும் உட்காரவில்லை. ஆனால் மேய்ச்சல் மாறிக்கொண்டே வந்தது.

துணிக்குள் ஈ போகவில்லை. வண்டும் போகவில்லை. ஓட்டை போடப் புழு இல்லாததால் சாணி உள்ளே கட்டிதட்டி, ஓடுபோல இறுகிக் கிடந்தது. அதன் அடியில் புல் வெளுத்துச் செத்தது. மாடு, சாணி கிடக்கும் இடத்தைச் சுற்றி இருக்கும் புல்லில் வாய் வைக்காது. இத்தனை காலம் சாணி சீக்கிரம் மறைந்துவிட்டதால் அது தெரியவில்லை. இப்போது துணிகளுக்கு நடுவே வாய் வைக்க இடம் தேடி மாடுகள் அலைந்தன. கொண்டலாத்தியும் மைனாவும் வாலாட்டிக் குருவியும் இரை இல்லாமல் மேய்ச்சலை ஒட்டிய ஓடைக்கு அப்பால் போய்விட்டன. மேய்ச்சலில் ஒரு பறவைச் சத்தமும் இல்லை.

முப்பத்தைந்தாம் நாள் மாயக்காள் சிற்றம்பலத்தைத் தேடி வந்தாள். முகம் இறுகியிருந்தது.

"அண்ணே, நீங்க என்ன செய்றீங்கன்னு எனக்குப் புரியுது. மாட்டுக்குப் புரியாது. விலா எலும்பு தெரியுது. கன்னுக்கு வேணுங்கிற பாலு மடியில எறங்கலை. நாளைக்கு விடிஞ்சதும் நான் துணியெல்லாம் உருவிப் போடப்போறேன். ஊரை விட்டுப் போகச் சொன்னா போறோம்."

அவள் சொல்வதில் ஒரு வார்த்தை தப்பில்லை. தன் புத்திசாலித்தனத்துக்குக் கூலி கொடுப்பது அந்தக் கன்றுகள் என்பதைச் சிற்றம்பலம் யோசிக்கவே இல்லை. ஒரே ஒரு நாள் பொறுக்கும்படி கேட்டான். நாளை மதியத்துக்குள் அரசரைக் கூட்டிவராவிட்டால் தானே முதல் துணியை உருவுவதாகச் சத்தியம் செய்தான். அவள் அரை மனதோடு தலையசைத்தாள்.

அன்று மதியம் அரசர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். இலையில் சோறு, பருப்பு எல்லாம் இருந்தன. நெய் மட்டும் ஒரு சொட்டு. அவர் நெய்ப் பிரியர். இடையர்கள் பாலைத் திருடுகிறார்கள் என்று பக்கத்தில் நின்ற தில்லைராயர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது சிற்றம்பலம் உள்ளே வந்தான்.

"சிற்றம்பலம், நம் நெய் எங்கே?" என்றார் அரசர்.

"அரசே, அது ஆற்றங்கரையில் துணி போர்த்திப் படுத்திருக்கிறது. நான் எழுப்பினால் உத்தரவை மீறியதாகும். தாங்களே வந்து எழுப்ப வேண்டும்."

அரசர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். நாளைக் காலையில் வருவதாகச் சொன்னார்.

தில்லைராயருக்குக் கவலை பிடித்தது. முப்பத்தைந்து நாளாகத் தம் ஆட்களால் ஓர் ஈயைக் காட்ட முடியவில்லை. அரசர் வரும்போது ஒன்றாவது இருந்தே தீரவேண்டும். ஒரு வாய் குறுகிய பானைக்குள் வெல்லப்பாகைத் தடவி, மடப்பள்ளிப் பள்ளத்தருகே வைத்து, நூற்றுக்கணக்கான ஈக்களைப் பிடித்தார். இந்த வேலையை வேறு யாரிடமும் நம்பிக் கொடுக்க மனமில்லாமல் தம் கையாலேயே செய்து, வாயைத் துணியால் கட்டினார்.

மறுநாள் அரசர் பல்லக்கில் வந்து இறங்கினார். மேய்ச்சலைப் பார்த்ததும் திகைத்து நின்றார். பச்சையாக இருந்த வெளி முழுவதும் துணி. வெள்ளை, சிவப்பு, ஜரிகை. பெரிய வண்ணான்துறை ஒன்றைக் கொண்டுவந்து விரித்ததுபோல இருந்தது. நடுவே மாடுகள் தலையைத் தொங்கவிட்டு நின்றன. சாணிக்குத் துணி பிடித்த வீரர்கள் எழுந்து வணங்கினார்கள்.

அரசர் பேசுவதற்குள் தில்லைராயர் மேலாடைக்குள் மறைத்து வைத்திருந்த பானையின் கட்டைத் தளர்த்தினார். ஈக்கள் இரைச்சலோடு வெளியே பாய்ந்தன.

"பாருங்கள் அரசே, மேய்ச்சலெங்கும் ஈ" என்றார்.

இரவெல்லாம் பானைக்குள் அடைபட்டுப் பசித்துக் கிடந்த ஈக்கள் அவை. காய்ந்து மூடிக் கிடந்த சாணியை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வெல்லம் பிசுபிசுத்த பிரதானியின் கைகளில் அப்பின. கையால் விரட்டினார். அந்தக் கையைத் தொடர்ந்து முகத்துக்கு வந்தன. மீசையில் பத்து, நெற்றியில் இருபது. அவர் குதித்த குதியில் பானை மேலாடையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது.

சிற்றம்பலம் முன்னால் வந்து வணங்கினான். அவன் கையில் ஒரு துணி இருந்தது.

"அரசே, சாணத்தில் ஈ உட்காரக் கூடாது என்பதுதான் உத்தரவு. பிரதானியின்மீது உட்காரலாமா என்று அதில் சொல்லப்படவில்லை. தாங்கள் ஆணையிட்டால் இவரையும் மூடிவிடுகிறோம்."

அரசர் வாயைக் கையால் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஐந்து வாரமாகக் குந்தியே இடுப்பொடிந்த வீரர்களும் சிரித்தார்கள். பல்லக்குத் தூக்கிகளும் சிரித்தார்கள். மாயக்காள் மட்டும் சிரிக்கவில்லை. அரசர் சிரித்து ஓயும்வரை காத்திருந்து, முன்னே வந்து கும்பிட்டாள்.

"மகாராசா, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒருதரம் வந்து பாருங்க. அது ஊர் மேய்ச்சல். ஒங்க உத்தரவு அங்க செல்லாது. அதனால அங்க புல்லு இருக்கு."

அரசர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினார்.

அந்தப் பக்கம் பச்சை கண்ணைப் பறித்தது. ஊர் மாடுகள் தொப்பை தெரிய மேய்ந்துகொண்டிருந்தன. மாயக்காள் அரசரைப் புதுச் சாணி ஒன்றின் பக்கம் உட்கார வைத்தாள். பொன்னிறக் காவல்காரர்களைக் காட்டினாள். சாமரம் வீசும் எறும்பு ஈக்களைக் காட்டினாள். பழைய சாணியைப் புரட்டிப் புழு போட்ட வழிகளையும், மண்ணுக்குள் கிடந்த கூடுகளையும், அவற்றுக்காக வந்து நிற்கும் குருவிகளையும் காட்டினாள். அரசர் கிரீடத்தைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஓர் ஈ அவர் முழங்கையைத் தாண்டிப் பறந்து சாணியில் போய் இறங்கியது. அவரை அது பொருட்படுத்தவே இல்லை.

"நம் நூறு வீரர்கள் முப்பத்தாறு நாளில் ஒரு பிடி சாணத்தைக்கூட மண்ணாக்கவில்லை" என்றார் மெதுவாக. பிறகு, "அப்படியானால் நம் மூக்கில் உட்கார்ந்தது யார்?" என்று கேட்டார்.

சிற்றம்பலம் ஓடைக்கு அப்பால் உடைந்து கிடந்த பானையைக் காட்டினான். அந்த ஈக்கள் பிறந்த பள்ளத்தையும், கழிவு வண்டிகள் போன இடத்தையும் சொன்னான். ஈ மொய்க்க மொய்க்கப் பின்னால் வந்து நின்ற தில்லைராயரை அரசர் திரும்பிப் பார்த்தார். பிரதானி மறுத்துப் பேச வாய் திறந்தார். திறந்த வாயில் ஓர் ஈ புகுந்துவிட்டது.

அரசர் அங்கேயே நின்றபடி உத்தரவுகளை மாற்றினார். வண்டிகள் நான்கும் அன்றே மடப்பள்ளிக்குத் திரும்ப வேண்டும். பள்ளம் சுத்தமாகும்வரை பிரதானி தினமும் அங்கே நின்று மேற்பார்வை பார்க்க வேண்டும். துணிகளையெல்லாம் அவருடைய ஆட்களே துவைத்துக் கிடங்கில் சேர்க்க வேண்டும். மேய்ச்சல் மாயக்காள் வசமும் அந்த இருபது குடும்பங்கள் வசமும் தலைமுறைக்கும் இருக்கும். இதைச் செப்பேட்டில் எழுதச் சொன்னார். தவறான உத்தரவால் மாடுகள் பட்டினி கிடந்ததற்கு மாயக்காளிடம் தாமே வருத்தம் தெரிவித்தார். அவள் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க மாடுகளை அதட்டினாள்.

துணிகள் உருவப்பட்டன. மாடுகள் தேறும்வரை ஊர் மேய்ச்சலில் இடம் கேட்டு அரசரே ஊராருக்கு ஆள் அனுப்பினார். ஓடாக இறுகிய சாணியைக் கம்பால் உடைத்துப் பரப்பி, வாய்க்கால் நீரை விட்டு ஊறவைத்தார்கள். அந்த வேலை இரண்டு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு விழுந்த சாணியை யாரும் கவனிக்க வேண்டியிருக்கவில்லை. ஓடைக்கு அப்பாலிருந்து ஈக்கள் வந்தன, வண்டுகள் வந்தன, அவற்றின் பின்னே கொண்டலாத்தியும் வந்தது.

மேய்ச்சலைப் பார்க்க வந்த அன்றே அரசர் சிற்றம்பலத்துக்குக் கன்றோடு ஒரு பசுவைப் பரிசளித்திருந்தார். அவனே அந்தச் செவலைப் பசுவைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அதை ஓட்டிக்கொண்டு முன்னே நடந்தான். அரசரின் பல்லக்கு பின்னே வந்தது. ராஜவீதியின் நடுவில், இருபுறமும் மக்கள் கூடி நிற்க, செவலை வாலைத் தூக்கியது. இந்த முறை ஏமாற்றவில்லை.

தெருக் கூட்டுபவள் கூடையோடு ஓடிவந்தாள். சிற்றம்பலம் கைநீட்டித் தடுத்து, பல்லக்கைப் பார்த்துக் கைகூப்பினான்.

"அரசே, சற்று நிற்க வேண்டும். வேலைக்காரர்கள் வருகிற நேரம். வழியில் நாம் நின்றால் அவர்களுக்கு இடைஞ்சல்."

பல்லக்கு நின்றது. வீரர்கள் நின்றார்கள். நாட்டு ராஜவீதி முழுவதும் ஒரு சாணியின் முன்னால் மூச்சுக் காட்டாமல் நின்றது. சற்று நேரத்தில் எங்கிருந்தோ, இடை சிறுத்த கருப்பு ஈ ஒன்று வந்து இறங்கிச் சிறகை ஆட்டியது. அரசர் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். பல்லக்கே குலுங்கியது, தூக்கிகள் தோளை மாற்றிக்கொண்டார்கள். விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிச் சிற்றம்பலத்தின் கையில் வைத்து, அடுத்த தெரு வழியாகப் போகலாம் என்று தூக்கிகளுக்குச் சொன்னார்.